உள்ளூர்ப் பல்கலைக்கழகமா, வெளிமாநிலக் கல்லூரியா?
(சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

உத்திரமேரூர் என்றவுடன் வெளியூர் அறிஞர்கள் குடவோலைக் கல்வெட்டைப் போற்றுவார்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்டது அது. நானும் அதைத் தொட்டே தொடங்குகிறேன், புகழ்வதற்கன்று. ஓலையில் ஒருவர் பெயர் எழுதப்பட வேண்டுமானால், கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதம் கற்றிருக்க வேண்டும் என்கிறது அந்தக் கல். நம் முன்னோர் எவருடைய பெயரும் அந்தக் குடத்துக்குள் விழுந்திருக்க வழியில்லை. உள்ளே வரத்தக்கவர் யார் என்பதை விதி முன்கூட்டியே முடிவு செய்துவிட்டது. இன்றைய கல்லூரிகளுக்கும் விதிகள் உண்டு. அவற்றைப் படித்துவிட்டுப் புறப்படுங்கள் என்று கேட்டுக்கொள்ளவே இங்கு வந்தேன்.

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த வாரத்திலேயே நம் தெருக்களில் தரகர்கள் நடமாடத் தொடங்குகிறார்கள். கையில் வண்ணப் படக் கையேடு. “பெங்களூரில் இடம் இருக்கிறது, உங்கள் பிள்ளை ஆதிதிராவிடர், எல்லாம் அரசாங்க உதவித்தொகையிலேயே முடிந்துவிடும், முன்பணம் மட்டும் கட்டுங்கள்” என்கிறார்கள். தாயின் தாலிக்கொடி அன்று மாலையே அடகுக் கடைக்குப் போய்விடுகிறது. கையேட்டில் போட்டிருக்கும் மாடிக் கட்டடத்துக்கு மயங்கி, பக்கத்திலே திருப்புலிவனத்தில் இருக்கும் அரசு கலைக் கல்லூரியை இளக்காரமாகப் பேசும் பிள்ளைகளையும் நான் பார்க்கிறேன்.

நம் மாநிலத்தின் நிலை என்ன? 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 69 விழுக்காடு இட ஒதுக்கீடு. அதில் பட்டியல் சாதியினர்க்கு 18. அந்தப் பதினெட்டுக்குள் 2009 முதல் அருந்ததியர்க்கு மூன்று. அரசுப் பள்ளியில் படித்தவர்க்குத் தொழிற்கல்வியில் 7.5 விழுக்காடு தனி ஒதுக்கீடும் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கதவும், அண்ணா பல்கலைக்கழகத்தின் கதவும் நம் சான்றிதழுக்குத் திறக்கின்றன.

மாநில எல்லையைத் தாண்டுங்கள், கதை மாறிவிடும். அரசியல் சட்டத்தின் 341-ஆம் பிரிவில் பட்டியல் மாநிலந்தோறும் தனித்தனி. ஆந்திரத்தில் பழங்குடியாக ஏற்கப்பட்ட ஒரு வகுப்பைச் சேர்ந்த மாணவர், தந்தையின் பணி நிமித்தம் பம்பாய்க்குக் குடிபெயர்ந்து, அங்கே மருத்துவக் கல்லூரியில் ஒதுக்கீட்டு இடம் கேட்டார். இயலாது என்று 1990-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பட்டியல் சாதியினர்க்கும் அதே நிலைதான் என்பதை 1994-ஆம் ஆண்டுத் தீர்ப்பு உறுதி செய்தது. ஒருவர் பட்ட இழிவை அவரவர் மாநிலத்தோடு பொருத்தியே அளக்க வேண்டும் என்பது நீதிமன்றம் கூறிய காரணம். சாதி எல்லையில் நின்றுவிடுவதில்லை, சான்றிதழ்தான் நின்றுவிடுகிறது. இதிலுள்ள நியாயம் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆயினும் சட்டம் அதுவே. கருநாடகத்தின் மாநில ஒதுக்கீட்டில் நாம் பொதுப் பிரிவினர்தாம்.

கட்டணமும் அப்படியே. 1989-இல் கருநாடக அரசு தனியார் மருத்துவக் கல்லூரிகளுக்கு ஒரு கட்டண அறிவிக்கை வெளியிட்டது. அரசு இடத்துக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய், மற்ற இடங்களில் அம்மாநிலத்தார்க்கு 25,000, வெளிமாநிலத்தார்க்கு 60,000! மீரட்டைச் சேர்ந்த மாணவி மோகினி ஜெயின் வழக்குத் தொடுத்து, 1992-இல் வென்றார். மறு ஆண்டே உன்னிகிருஷ்ணன் வழக்கில் அந்தத் தீர்ப்பின் ஒரு பகுதி மாற்றப்பட்டது. வெளிமாநிலத்தாருக்கு விலை வேறு என்னும் வழக்கம் அதோடு மறைந்துவிடவில்லை.

“உதவித்தொகை வருமே” என்பீர்கள். குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை இலட்சத்துக்குள் இருந்தால், வெளிமாநிலத்தில் படித்தாலும் மெட்ரிக் மேற்படிப்பு உதவித்தொகையை நம் மாநிலமே வழங்கும். இது உண்மை, தரகர் சொல்லாமல் மறைக்கும் பாதி வேறு. வெளிப்படையான தகுதி வரிசையின்றி நிருவாக ஒதுக்கீட்டில் சேர்வோர்க்கு இத்தொகை இல்லை என்று 2021-ஆம் ஆண்டின் மத்திய அரசு நெறிமுறை கூறுகிறது. அவர் விற்பதோ பெரும்பாலும் அந்த இடத்தைத்தான்!

அப்படியானால் ஊரைவிட்டே போகக் கூடாதா? அப்படி நான் சொல்லவில்லை. புதுச்சேரிப் பல்கலைக்கழகமும், ஐதராபாத் பல்கலைக்கழகமும், தில்லிப் பல்கலைக்கழகமும் மத்தியப் பல்கலைக்கழகங்கள். அங்கே பட்டியல் சாதியினர்க்கு 15 விழுக்காடு. எந்த மாநிலச் சான்றிதழும் செல்லும். 2022 முதல் நடைபெறும் பொது நுழைவுத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். தொலைவு என்று அஞ்சி அந்த இடங்களை விட்டுவிட்டால் இழப்பு நமக்கே. ஆகவே என் வரிசை இது: மத்திய நிறுவனத்தில் இடம் கிடைத்தால் தில்லியானாலும் செல்லுங்கள், இல்லையேல் நம் மாநில அரசுக் கல்லூரி, வெளிமாநிலத் தனியார் கல்லூரி எல்லாவற்றுக்கும் கடைசி. மகனைத் தில்லிக்கு அனுப்பத் துணியும் தகப்பனார், மகளுக்கு மட்டும் செங்கற்பட்டையே எல்லையாக வகுப்பதை நான் ஏற்பதில்லை.

அண்ணல் அம்பேத்கர் முதலில் பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பட்டம் பெற்றார். பிறகே, 1913-இல், பரோடா மன்னரின் உதவித்தொகையுடன் கொலம்பியாவுக்குக் கப்பலேறினார். 1916-இல் லண்டன் சென்றார். 1917-இல் உதவித்தொகைக் காலம் முடிந்தது. படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டுத் திரும்பினார். சிடன்காம் கல்லூரியில் பேராசிரியராயிருந்து பணம் சேர்த்து, 1920-இல் மீண்டும் லண்டன் சென்று, 1923-இல் டி.எஸ்ஸி. பட்டம் பெற்றார். அத்தகைய பேரறிஞரையே பணம் நடுவழியில் திருப்பி அனுப்பியது. முதல் ஆண்டுக் கட்டணத்தை மட்டும் எண்ணிப் புறப்படும் நம் பிள்ளையின் கதி என்ன? கடைசி ஆண்டுக் கட்டணத்தையும், விடுதிச் செலவையும் இன்றே கணக்கிடுங்கள்.

தம்பிகளே, தங்கைகளே! உங்களில் எவர் கையில் எந்தக் கல்லூரிக் கையேடு இருந்தாலும் எடுத்து வாருங்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றையும் கொண்டு வாருங்கள். கூட்டம் முடிந்த பின் மேடைக்குப் பின்புறம் அமர்ந்து, அந்தக் கல்லூரி எந்தச் சட்டத்தால் அமைந்தது, எந்த ஒதுக்கீட்டில் இடம் தருகிறார்கள் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். கடைசிப் பேருந்து வரை நான் இங்கேதான் இருப்பேன்.