கன்று ஈன்ற பசுவும் ஓமோன் ஊசியும்

 

எங்கள் ஊர்ப்பக்கமான கல்முனை, சம்மாந்துறையில் நெல் அறுவடை முடிந்ததும் மாடுகள் பட்டியாக வயலில் மேயும். பட்டியோடு காளையும் நிற்கும். எந்தப் பசு வேட்கைக்கு வந்திருக்கிறது என்று காளையே கண்டுபிடித்துவிடும். இங்கே நம் லயத்துக் கொட்டிலில் ஒற்றைப் பசுதான் கட்டி நிற்கிறது. காளையின் வேலையை நம் கண்தான் செய்ய வேணும்.

கணக்கைப் பாருங்கள். பசுவின் சினைக்காலம் ஏறக்குறைய 280 நாள். வருஷத்துக்கு ஒரு கன்று வேணுமானால், ஈன்று 85 நாளுக்குள் மறுபடி சினைப்பட வேண்டும். கருப்பை பழைய நிலைக்கு வர 40 நாளளவில் எடுக்கும். ஆகவே 60 நாள் பொறுத்து, அடுத்த வேட்கையில் செயற்கை முறைச் சினைப்படுத்தல் செய்விப்பது நல்லது. வேட்கை 21 நாளுக்கு ஒரு தடவை வரும். ஒன்றைத் தவறவிட்டால் மூன்று வாரம் வீணாப் போச்சு. பசு கத்தும், தீனி குறையும், கண்ணாடி போன்ற வழுவழுப்பு நீர் வடியும். காலையில் கண்டால் மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாள் காலையிலும் சினைப்படுத்தலாம்.

"ஒன்றும் தெரியவில்லை, ஓமோன் ஊசி போட்டால் சரியாப் போகும்" என்று சிலர் சொல்கிறார்கள். ஊசி நல்லதுதான். 1995இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட முறை பல நாடுகளில் நடக்கிறது. முதலில் ஓர் ஊசி. ஏழு நாள் கழித்துப் புரொஸ்டகிளாண்டின். இரண்டு நாள் கழித்து முதல் ஊசியே மறுபடியும். அடுத்த நாள் சினைப்படுத்தல். வேட்கைக்குக் காத்திருக்கத் தேவையில்லை.

ஆனால் எலும்பு தெரிய மெலிந்த பசுவுக்கும், கருப்பையில் சீழ் உள்ள பசுவுக்கும் ஊசி மட்டும் போதாது. தீனியும் வைத்தியமும் முதலில் வேணும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். புரொஸ்டகிளாண்டின் சூலகத்திலுள்ள மஞ்சட் சடலத்தைக் கரைத்துத்தான் வேட்கையை வரச்செய்கிறது. சினையைக் காப்பதும் அதே சடலம்தான். சினைப்பசுவுக்குத் தெரியாமல் போட்டால் கன்று கலைந்துவிடும். ஆகவே வைத்தியர் கைவிட்டுப் பரிசோதிக்காமல் யாரையும் ஊசி போட விடாதீர்கள்.

இந்த மருந்து தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும். கர்ப்பிணித் தாய்மாரும் ஆஸ்துமா உள்ளவர்களும் அந்தப் போத்தலையோ சிரிஞ்சையோ தொடவே கூடாது. வேறு யார் கையிலும் பட்டால் உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

பசு ஈன்ற திகதியை வீட்டுக் கலண்டரில் குறித்து வையுங்கள். 60 நாளாகியும் வேட்கை காணாவிட்டால், அந்தத் திகதியோடு அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குப் போங்கள். வைத்தியர் முதலில் கேட்பது அதைத்தான்.