ஓடும் காலுக்கு ஏற்ற ஷூ



புதுக்கோட்டைக்கு ஓட்டம் புதிதல்ல. கத்தக்குறிச்சியில் பிறந்த சாந்தி, 2005 இஞ்சியோன் ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். நம் மாவட்டத்துச் சூர்யா, 2016 கவுகாத்தி தெற்காசியப் போட்டியில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார். அப்படியொரு பிள்ளை உங்கள் வகுப்பிலும் இருக்கலாம். பந்தயத்தன்று அண்ணனின் ஷூவை இரவல் வாங்கி மாட்டி வரும்போதுதான் அந்தக் கால் கெடுகிறது.

விலையைவிடப் பொருத்தமே முக்கியம். எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானை வெறுங்காலில் வென்றார். 1964 டோக்கியோவில் ஷூ அணிந்து வென்றார்.

நான் பார்ப்பது இவைதான். நின்ற நிலையில் நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். குதிகால் நழுவக் கூடாது. மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும், அப்போது அளவெடுங்கள். இரண்டு கால்களையும் அளந்து, பெரிய காலுக்கு ஏற்றதை வாங்கச் சொல்லுங்கள். காலுறையோடு போட்டுப் பார்க்கட்டும்.

வெறுங்காலில் ஓடிப் பழகிய பிள்ளையைப் புது ஷூவுடன் உடனே பந்தயத்தில் இறக்காதீர்கள். சில வாரம் நடந்தும் மெல்ல ஓடியும் பழகட்டும். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலித்தால் ஓய்வு கொடுங்கள். வலி தொடர்ந்தால் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

ஷூ இல்லை என்பதற்காக எந்தப் பிள்ளையையும் ஓரமாக உட்கார வைக்காதீர்கள். கல்லும் முள்ளும் பொறுக்கிய செம்மண் திடலில் அவர்களும் ஓடட்டும்.