காலடிச் சத்தம் கேட்கிற மீன்

போன எபிசோடு கேட்டுட்டு ஒருத்தர் மெயில் போட்டிருந்தார்: "ஆபீஸ் வேலையா டென்வர் போனீங்களே, சனி ஞாயிறு என்னதான் பண்ணீங்க?" உண்மையைச் சொல்லணும்னா, குப்பை மீன் பிடிச்சேன். பிடிச்சேன்னு சொல்றதே கொஞ்சம் ஓவர்தான்.

டென்வர் நகரத்துக்கு நடுவுல சவுத் பிளாட் ஆறு ஓடுது. மேலே பாலங்கள், சுத்தி உயரமான கட்டடங்கள், கரையோரம் சைக்கிள் பாதை. தண்ணிக்குள்ள கார்ப். நம்ம மீன் மார்க்கெட்ல கட்லா, ரோகு பார்த்திருப்பீங்க இல்லையா? அதே குடும்பம்தான்.

இது அந்த நாட்டு மீனே கிடையாது. 1877-ல் அமெரிக்க அரசின் மீன் ஆணையம் ஜெர்மனியில் இருந்து 345 கார்ப் மீன்களைக் கொண்டுவந்து, பால்டிமோர்ல ஒரு பூங்காக் குளத்தில் வளர்த்தது. நல்ல சாப்பாட்டு மீன்னு சொல்லி ஊர் ஊரா அனுப்பினாங்க. கொஞ்ச வருஷத்துலயே வெறுப்பு வந்துடுச்சு. அடிமண்ணைக் கிளறுது, தண்ணியைக் கலக்குது, செடிகளைப் பிடுங்குதுன்னு புகார். அங்க இன்னைக்கும் டிரவுட்தான் மரியாதையான மீன், கார்ப் குப்பை. (ஊட்டிக்கும் 1939-ல் இலங்கையில் இருந்து இதே மீன் வந்துச்சு, தெரியுமா?)

சரி, ஃப்ளை ஃபிஷிங். நம்ம தூண்டில்ல மண்புழு மாட்டி, தக்கை அமுங்குதான்னு பார்ப்போம். இங்க இறகு, முடி, நூல் வச்சுக் கட்டின ஒரு பொய்ப்பூச்சிதான் இரை. தூரம் போற அளவுக்கு அதுல எடை இருக்காது. தடிமனான நரம்போட எடைதான் அதைத் தூக்கிட்டுப் போகும்.

கூட வேலை பார்த்த ஒருத்தர் ராடு கடன் கொடுத்தார். முதல் மூணு வாரம் ஒண்ணுமே மாட்டல. கூழாங்கல் மேல ஒரு கால் வைப்பேன், முப்பது அடி தள்ளி நின்ன மீன் போயிடும். ஏன்னு அப்புறம்தான் படிச்சேன். கார்ப்போட காற்றுப்பைக்கும் உள்காதுக்கும் நடுவுல சின்னச் சின்ன எலும்புகள் சங்கிலி மாதிரி இருக்கு. தண்ணியில வர்ற சத்தம் அந்தப் பையில பட்டு, எலும்பு வழியா காதுக்குப் போகுது. என் ஷூ சத்தத்தை ஸ்பீக்கர்ல போட்ட மாதிரி கேட்டிருக்கும்!

ராடு கொடுத்தவர் சொன்னது ஒண்ணுதான்: "இன்னைக்கு வீசாத. உட்கார்ந்து பாரு." பார்த்தேன். நீந்திப் போற மீன் சும்மா போகுது, அதுக்கு வீசி பிரயோஜனம் இல்ல. தலை கீழே, வால் மேலே, சுத்தி சேறு கிளம்புதா? அது சாப்பிடுது. அதோட தலைக்கு அந்தப் பக்கம் வீசி, பூச்சியை மெதுவா மேலாக இழுத்துட்டு வந்து, மூக்குக்கு முன்னாடி ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு இடத்துல இறக்கணும். இந்த உத்திக்கு அங்க பேரு என்ன தெரியுமா? 'டிராக் அண்ட் டிராப்'. சத்தியமா நான் வச்ச பேர் இல்ல.

கஷ்டமே அதுக்கப்புறம்தான். கார்ப் கடிக்காது, உறிஞ்சும். வாயில போட்டுப் பார்த்து, சந்தேகம் வந்தா துப்பிடும். பல தடவை கையில ஒரு அசைவுகூட தெரியாது. இழுப்பு வரட்டும்னு காத்திருந்தா லேட். தலை லேசா திரும்பும், செவுள் ஒரு தரம் விரியும். எடுத்துடுச்சுன்னு நீங்களே முடிவு பண்ணி ராடைத் தூக்கணும். தப்பா இருந்தா மீன் ஓடிடும், அந்த நாள் காலி.

நாலாவது வாரம் தூக்கினேன். கனமா இருந்துச்சு. நரம்பு விரலைச் சுட்டுட்டு ஓடுச்சு. இருபது நிமிஷம் கழிச்சு, பொன்நிறச் செதிலோட ஒரு மீன் வலைக்குள்ள.

சைக்கிள்ல போன ஒரு பெரியவர் நின்னு எட்டிப் பார்த்து, "கார்ப்தானே? கரையில தூக்கிப் போடு" அப்படின்னுட்டுப் போயிட்டார். அவர் சொன்னதுல நியாயம் இல்லாம இல்ல. ஆஸ்திரேலியாவோட விக்டோரியா மாநிலத்துல பிடிச்ச கார்ப்பை உயிரோட திரும்ப விடுறதே குற்றம். ஆனா நாலு வாரமா அந்த மீனைப் பார்த்துக் கத்துக்கிட்டவன் நான். தண்ணிக்குள்ள பிடிச்சு நிறுத்தினேன். ரெண்டு தரம் செவுளை அசைச்சுது, அப்புறம் சேத்தைக் கிளப்பிட்டுப் போயிடுச்சு.

நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த எபிசோடுல போடுறேன்.