கமராவிலிருந்து கணினிக்கு வராத படங்கள்



கலியாண வீட்டிலே தாலி கட்டும் வேளை சில நொடிகளே. அந்நொடிகளைப் படமாக்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்ட ஒருவர் அன்றிரவு தம் கமராவைக் கணினியுடன் இணைக்கிறார். திரையிலே படங்கள் தோன்றவில்லை. கோப்பைத் திறக்க முடியவில்லை என்றோ, அட்டையைப் போமற் செய்தாலன்றிப் பயன்படுத்த இயலாது என்றோ ஓர் அறிவிப்பு மாத்திரம் தோன்றுகின்றது. அவருக்கு உடல் வியர்த்துவிடுகிறது. அந்தப் பதற்றத்திலே கை போன போக்கில் அவர் அழுத்தும் பொத்தானே, பல சந்தர்ப்பங்களில், அதுவரை அழியாதிருந்த படங்களை அழித்துவிடுகின்றது. படம் கணினியிலே தோன்றாதிருப்பது ஒன்று. படம் அழிந்துபோவது இன்னொன்று. இவ்விரண்டையும் பிரித்தறியும் வழியையே இன்றைய பேச்சுக்கு எடுத்துக்கொண்டேன். சிறப்பாக, 'றோ' என வழங்கும் கோப்புகளைப் பற்றியே பேச எண்ணுகிறேன். தொல்லை மிகுதியும் அவற்றிலேதான்.

றோ என்னும் ஆங்கிலச் சொல்லுக்குச் சமைக்காதது என்பது பொருள். பெயர் பொருத்தமானதே. கமராவினுள்ளே ஒளியை வாங்கும் உணர்தகடு ஒன்று உண்டு. அதிலே கோடிக்கணக்கான நுண்புள்ளிகள் உள்ளன. அப்புள்ளிகள் ஒளியின் அளவை அறியுமேயன்றி நிறத்தை அறியா. ஆகவே ஒவ்வொரு புள்ளியின் மீதும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்றனுள் ஒரு நிற வடிகட்டி பதிக்கப்பட்டிருக்கும். நான்கு புள்ளிகளுக்கு இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம் என்பது கணக்கு. கொடாக் நிறுவனத்தில் பணியாற்றிய பிறைஸ் பேயர் என்பார் வகுத்த முறை இது. 1976 ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. இன்றும் மிகப் பெரும்பாலான கமராக்கள் இம்முறையையே பின்பற்றுகின்றன. ஒவ்வொரு புள்ளியிலும் விடுபட்ட மற்றை இரு நிறங்களையும் அயற்புள்ளிகளைக் கொண்டு கணித்து நிரப்பிய பின்னரே நாம் காணும் படம் உருவாகின்றது. அக்கணிப்பைக் கமராவே செய்து முடித்துச் சுருக்கித் தருவது ஜேபெக் கோப்பு. கணிப்புக்கு முந்திய எண்களை எடுத்து வைப்பது றோ கோப்பு. ஜேபெக்கிலே ஒரு நிறத்துக்கு 256 படிகள். 14 பிற் றோ கோப்பிலோ 16,384 படிகள். கூறைச் சேலையின் சரிகை வெளுத்துப்போகாமலும், நிழலில் நின்றவரின் முகம் கறுத்துப்போகாமலும் ஒரே படத்தைப் பின்னர் திருத்திக்கொள்ள முடிவது இப்படிகளின் மிகுதியாலேயே. இக்காரணம் பற்றி றோ கோப்பைப் பழைய நெகற்றிவுக்கு ஒப்பிடுவர்.

ஒப்புமை ஓர் எல்லை வரைக்குமே செல்லும். நெகற்றிவை எந்த ஊர் இருட்டறையிலும் அச்சிட்டுக்கொள்ளலாம். றோ கோப்பை அவ்வாறு எங்கும் கொண்டுபோக முடியாது. கனன் நிறுவனத்தின் கோப்பு சி.ஆர்.2 அல்லது சி.ஆர்.3, நிக்கோனுடையது என்.ஈ.எப், சொனியுடையது ஏ.ஆர்.டபிள்யூ. ஒவ்வொன்றின் உள்ளமைப்பும் வேறு. அம்மட்டோ! ஒரே பெயர் தாங்கிய கோப்பும் புதிய கமரா வெளிவருந்தோறும் சிறிது மாறுபடுகின்றது. நமக்கு நேரும் இடர்களிற் பாதி இங்கேதான் பிறக்கின்றன. இதற்குப் பிறகு வருவேன்.

முதலிலே செய்ய வேண்டியது யாதெனில், அந்த அட்டையில் எதையும் எழுதவிடாமல் தடுப்பது. மெமரி கார்ட் என்று எல்லாரும் சொல்லும் அட்டையைத்தான் குறிப்பிடுகிறேன். கமராவிலே அதை மீண்டும் இட்டு, வேலை செய்கிறதா பார்ப்போம் என்று இரண்டு படம் எடுத்தலாகாது. எஸ்.டி. அட்டையின் பக்கத்திலே சிறு பூட்டுத் தாழ் ஒன்று இருக்கும். அதனைக் கீழே தள்ளிவிட்டுக் கணினியிலே செருகினால், படிக்கலாம், எழுத இயலாது. கைப்பேசிகளில் இடும் மைக்ரோ எஸ்.டி. அட்டைக்கு இத்தாழ் இல்லை. அங்கே நம் கையடக்கமே தாழ்.

அடுத்து, வழியைச் சோதிக்க வேண்டும். கமராவிலிருந்து கணினி வரையுள்ள வழியைச் சொல்கிறேன். யூ.எஸ்.பி. கேபிளிற் சில மின்னேற்றத்துக்கு மாத்திரம் உதவும், தரவைக் கடத்தா. அவ்வாறான கேபிளுடன் மணிக்கணக்காகப் போராடினும் பயன் இல்லை. கமராவின் மின்கலம் பாதி வழியில் தீர்ந்துபோவதும், சில நிமிடங்களில் தானே உறங்கிவிடும் அமைப்பு கமராவில் இருப்பதும், இடையிலே நின்றுபோகும் பிரதிகளுக்குக் காரணமாவதுண்டு. கமராவை நேரே இணைத்தால், அது சாதாரணத் தட்டுப்போலக் கணினியில் ஓர் எழுத்துடன் தோன்ற வேண்டும் என்று பலர் எதிர்பார்க்கின்றனர். இன்றைய கமராக்கள் பல அவ்வாறு தோன்றுவதில்லை. படக் கருவி என்ற பெயரில் வேறிடத்திலே காட்சி தரும். இத்தொல்லைகளுக்கெல்லாம் சுருக்கமான பரிகாரம் அட்டையைக் கழற்றிக் கார்ட் றீடர் மூலம் படிப்பதே. கேபிளை நம்புவதினும் இதையே நான் விரும்புவேன்.

கார்ட் றீடரிலும் ஒரு பொறி உண்டு. அதைச் சற்று விரித்துக் கூற வேண்டும். 32 கிகாபைற் வரையிலான அட்டைகள் ஒரு வகுப்பு; அதற்கு மேற்பட்டவை எஸ்.டி.எக்ஸ்.சி. என்னும் மற்றொரு வகுப்பு. பின்னையது 2009 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. அவ்வட்டைகளில் கோப்புகளை அடுக்கும் முறையும் வேறு. ஆதலால் அதற்கு முந்திய காலத்துக் கார்ட் றீடர்களும் கணினிகளும் 64 கிகாபைற் அட்டையைக் கண்டால் அதனைப் புரிந்துகொள்ளாமற் போகலாம். புரியவில்லை என்று சொல்லிவிட்டால் நன்று. அவ்வாறு சொல்லாமல், அட்டை போமற் செய்யப்படவில்லை, இப்போது செய்யட்டுமா என்று கேட்கின்றன! அட்டையிலே ஆயிரம் படங்கள் பழுதின்றி இருக்கும்போதே இக்கேள்வி எழுகின்றது என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். விடை எப்போதும் வேண்டாம் என்பதே. அட்டையை எடுத்துப் புதிய றீடரிலோ வேறு கணினியிலோ இட்டுப் பாருங்கள். அங்கே படங்கள் வரிசையாக எழுந்து நிற்கும் காட்சி புதுமையானதன்று.

இனி, கோப்புகள் கணினிக்கு முறையாக வந்து சேர்ந்தும் திறக்க மறுக்கும் நிலை. இங்கே அறிகுறி தெளிவானது. ஜேபெக் திறக்கின்றது, றோ திறக்கவில்லை. பழைய கமராவின் றோ திறக்கின்றது, புதிய கமராவின் றோ திறக்கவில்லை. எல்லாக் கோப்புகளும் ஒரேயடியாக மறுக்கின்றன. அட்டை பழுதானால் ஒரு சில படங்கள் கெடும், மற்றவை தப்பும். அனைத்தும் ஒரே விதமாக மறுக்கும்போது, பெரும்பாலும் படங்கள் நலமே. படிக்கும் மென்பொருளுக்குத்தான் அம்மொழி தெரியவில்லை. கனன் நிறுவனம் 2018 ஆம் ஆண்டில் ஈ.ஓ.எஸ். எம்50 என்னும் கமராவுடன் சி.ஆர்.3 கோப்பைக் கொண்டுவந்தது. சி.ஆர்.2 படித்துவந்த பழைய மென்பொருள்கள் அதன்முன் வாய்திறவாது நின்றன. ஒருமுறை பணம் கொடுத்து வாங்கி நிலையாக வைத்துக்கொள்ளக்கூடியதாக அடோபி நிறுவனம் விற்ற லைற்றூம் 6 என்னும் மென்பொருளுக்கு இறுதிப் புதுப்பித்தல் வந்தது 2017 டிசம்பரில். அதன் பின்னர் பிறந்த கமராக்களை அது அறியாது. அதை வைத்திருப்போர் கமராவை மாற்றிய அன்றே இடர்ப்படுவர்.

பரிகாரங்கள் உள்ளன. மென்பொருளைப் புதுப்பிக்கலாம். விண்டோஸ் 10, 11 கணினிகளில், மைக்ரோசொவ்ற் நிறுவனத்தின் றோ படங்களுக்கான இலவச இணைப்பு ஒன்றை அதன் கடையிலிருந்து இறக்கிக்கொண்டால், கோப்புறையிலேயே படங்கள் தெரியத் தொடங்கும். மக் கணினிகளில் இவ்வறிவு இயங்குதளத்தின் புதுப்பித்தலோடு வருகின்றது. கமரா உற்பத்தியாளர்கள் தம் கோப்புக்குரிய மென்பொருளைத் தாமே தருவதும் வழக்கம். மென்பொருளைப் புதுப்பிக்க வசதியில்லாதவர்களுக்கு இன்னுமொரு வழி உண்டு. அடோபி 2004 ஆம் ஆண்டில் டி.என்.ஜி. என்னும் பொதுக் கோப்பு முறையை வெளியிட்டது. டிஜிற்றல் நெகற்றிவ் என்பதன் சுருக்கம் அது. அந்நிறுவனம் இலவசமாக வழங்கும் மாற்றியைக் கொண்டு புதிய றோவை டி.என்.ஜி. ஆக்கினால், பழைய லைற்றூமும் அதனைத் திறக்கும். மூலக் கோப்பை அழித்துவிடாமல் அருகே வைத்திருத்தல் அவசியம். கோப்பின் பெயரின் ஈற்றெழுத்துக்களை ஜேபெக் என்று மாற்றினால் திறக்கும் என்று சிலர் உபாயம் கூறுவர். போத்தலின் பெயர்த்தாளை மாற்றுவதால் உள்ளிருக்கும் மருந்து மாறுமா?

தம் கோப்பின் உள்ளமைப்பை உற்பத்தியாளர்கள் வெளிப்படையாக எழுதிவைக்காதது எனக்கு நியாயமாகப் படவில்லை. படம் எடுத்தவருடையது, அதைத் திறக்கும் சாவி மாத்திரம் பிறருடையது. டேவ் கொஃபின் என்னும் அமெரிக்கர் 1997 ஆம் ஆண்டு முதல், ஒவ்வொரு கமராவின் கோப்பையும் ஆராய்ந்து, அனைத்தையும் படிக்கும் டி.சி.றோ என்னும் சிறு நிரலை எழுதி உலகுக்கு இலவசமாக அளித்து வந்தார். இன்று நாம் பயன்படுத்தும் இலவச மென்பொருள்கள் பலவற்றின் வேர் அவருடைய உழைப்பிலேயே உள்ளது. உற்பத்தியாளர் கைவிட்ட பழைய கமராக்களின் படங்களும் அதனால் இன்றும் திறக்கின்றன.

குறையே இல்லாதவற்றைக் குறை என்று எண்ணிக் கலங்குவாரும் உளர். கணினியிலே படம் முதலில் பளிச்சென்று தோன்றி, இரண்டு நொடியில் மங்கிவிடுகின்றது; படம் கெட்டுவிட்டது என்கின்றனர். றோ கோப்பினுள்ளே கமரா தானே சமைத்த சிறு ஜேபெக் ஒன்றும் பொதிந்துள்ளது. முதலிலே தோன்றுவது அது. பின்பு மென்பொருள் தன் முறைப்படி எண்களிலிருந்து புதிதாகப் படத்தை அமைக்கின்றது. கமராவின் ஒப்பனை அதில் இராது. திருத்தத்துக்கு அதுவே நல்ல தொடக்கம். இன்னொரு முறைப்பாடு, சில படங்கள் சாம்பல் நிறமாக மங்கி, தெரிவுசெய்ய இடந்தராமல் நிற்கின்றன என்பது. முன்பே சேர்க்கப்பட்டவை என்று மென்பொருள் கருதி விலக்கியவை அவை. அந்த விலக்கை நீக்கும் கட்டம் அதே திரையில் இருக்கும்.

உண்மையாகவே கெட்ட படத்தை எவ்வாறு அறிவது? பாதிப் படம் சரியாகவும் மீதி சாம்பல் அல்லது ஊதாப் பட்டைகளாகவும் இருப்பின் தரவு சிதைந்திருக்கிறது. கமராவின் சிறு திரையில் படம் நன்றாகத்தானே தெரிகிறது என்று வாதிடலாம். அத்திரை காட்டுவதும் முன்சொன்ன பொதிந்த ஜேபெக்கைத்தான். றோவின் நலத்துக்கு அது சான்றாகாது. சோதனை இது. அதே கோப்பை அட்டையிலிருந்து இரண்டாம் முறை, வேறு கேபிளாலோ வேறு றீடராலோ பிரதி செய்யுங்கள். இரு பிரதிகளின் அளவையும் ஒப்பிடுங்கள். பின் இரண்டையும் திறந்து பாருங்கள். பட்டை வேறோரிடத்துக்கு மாறினாலோ மறைந்தாலோ, குற்றம் வழியிலே அல்லது கணினியின் நினைவகத்திலே. அட்டையிலுள்ள மூலம் பழுதற்றது. ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் அதே பட்டை விழுந்தால், குற்றம் அட்டையில். இச்சோதனைக்குக் கால் மணி நேரமும் தேவையில்லை. ஆயினும் அதைச் செய்யாமலே அட்டையைக் குப்பையில் எறிந்தவர்கள் உண்டு.

தவறி அழித்துவிட்ட படங்களுக்கும் நம்பிக்கை இருக்கின்றது. அழிக்கும்போது பெரும்பாலும் நீங்குவது கோப்பின் பெயர்ப்பதிவே. அதன் இடத்தில் வேறொன்று எழுதப்படும் வரையில் படத்தின் தரவு அட்டையில் கிடக்கும். ஆகையினாலேதான் எதையும் எழுதலாகாது என்று தொடக்கத்திலே வற்புறுத்தினேன். போட்டோறெக் என்னும் இலவச மென்பொருள் அட்டை முழுவதையும் வருடிப் பார்த்து, படக் கோப்பின் தொடக்கக் குறிகளைக் கண்டு, எஞ்சியவற்றை மீட்கும். மீட்டவற்றை அதே அட்டையில் அன்றிக் கணினியின் வன்தட்டிலே சேமிக்க வேண்டும். பழைய பெயர்கள் திரும்பி வரமாட்டா. படம் எடுத்த நாளும் நேரமும் கோப்பினுள்ளே எழுதப்பட்டிருப்பதால், அவற்றைக் கொண்டு மறுபடி வரிசைப்படுத்திக்கொள்ளலாம். அட்டை எந்தக் கணினியிலும் தென்படவே இல்லையெனில் மென்பொருளால் ஆவது ஒன்றுமில்லை. தரவு மீட்கும் தொழிலாளரிடமே செல்ல வேண்டும், செலவும் அதிகம்.

படங்கள் வந்து சேர்ந்தன என்று வைத்துக்கொள்வோம். சிறுபடங்களைப் பார்த்ததோடு நின்றுவிடாமல் சிலவற்றை முழு அளவில் திறந்து பாருங்கள். இரண்டாம் பிரதியை வேறொரு தட்டில் இடுங்கள். அதன் பின்னர் அட்டையின் தாழை மேலே தள்ளி, கமராவில் இட்டு, கமராவைக் கொண்டே போமற் செய்யுங்கள். கோப்புறைகளைத் தனக்கேற்றபடி அது அமைத்துக்கொள்ளும். ஒருமுறை பட்டை விழச் செய்த அட்டையை மட்டும் மை கொண்டு குறியிட்டு வேறாக வையுங்கள்; அடுத்த கலியாணத்துக்கு அதைக் கொண்டுபோக வேண்டாம்.