டிமிக்கி கொடுத்த இரண்டாயிரம் பேர்

19ஆம் நூற்றாண்டு பிரான்ஸில், உயரம் 157 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் பட்டாளத்தில் சேர்க்க மாட்டார்கள். பெல்ஜியத்துக்காரர் அடோல்ஃப் கெட்லே, அங்கே அளக்கப்பட்ட ஒரு லட்சம் இளைஞர்களின் உயரப் பட்டியலை ஆராய்ந்தார்.

உயரம் பெரும்பாலும் மணி வடிவத்தில் பரவும். சராசரியை ஒட்டிக் கூட்டம், ஓரங்களில் சொற்பம். இன்றைய கல்லூரிப் பாடத்தில் இது இயல்நிலைப் பரவல். ஓர் அளவிலிருந்து சராசரியைக் கழித்து, திட்ட விலக்கத்தால், அதாவது அளவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் எண்ணால், வகுக்க வேண்டும். வரும் எண்ணுக்கு நேரே அட்டவணையைப் பார்த்தால், அந்த அளவுக்குக் கீழே எத்தனை பங்கு என்று தெரியும். மைனஸ் ஒன்று வந்தால், நூற்றுக்குச் சுமார் 16 பேர்.

கெட்லே போட்ட கணக்கு கொஞ்சம் சுற்றுவழி, சாரம் இதுவே. அதன்படி 157க்குக் கீழே 26,345 பேர் இருக்கலாம். பட்டியலிலோ 28,620! சற்று மேலே உள்ள உயரங்களில் ஆள் குறைச்சல். முழங்காலை மடக்கி நின்றார்களோ, அளந்தவர் கையில் ஏதாவது அழுத்தினார்களோ, யார் கண்டது? 2,000 பேருக்கு மேல் ஏதோ தில்லுமுல்லு செய்து தப்பியிருக்கிறார்கள் என்று 1846இல் வெளியான தன் நூலில் எழுதினார் கெட்லே.