கழுத்து ஆபரேசனா? மறைக்காமல் சொல்லுங்க!

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



சேமிப்பு, கடன், வட்டி என்று மாதாமாதம் பேசுகிறோம். இன்றைக்கு நம்ம கழுத்தைப் பற்றிப் பேசுவோம்.

நம்ம குழு அக்கா ஒருவருக்கு இரண்டு வருசமா கழுத்து வலி. தலைச்சுமை தூக்கியதால் வந்தது என்று தைலம் தேய்த்து, சுளுக்கு எடுத்து நாளைக் கடத்தினோம். கடைசியில் ஜாக்கெட் கொக்கி மாட்ட விரல் வரலை, நடையும் தள்ளாடியது. தண்டுவடம் நசுங்கியிருக்கு, ஆபரேசன் வேணும் என்றார் டாக்டர்.

"புகையிலை போடுவீங்களா?" என்று கேட்டார். மாமியார் பக்கத்தில் இருந்ததால் அக்கா இல்லைன்னு தலையாட்டினார். வெளியே வந்ததும் நாங்கள் எடுத்துச் சொல்லி, திரும்பப் போய் உண்மையைச் சொன்னோம். டாக்டர் கோபிக்கலை. அன்றே விடச் சொன்னார். சர்க்கரையைக் குறைத்த பிறகே தேதி கொடுத்தார்.

ஆபரேசனுக்குப் பின் தொந்தரவு வர எவை காரணம்?

1. சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் புண் ஆறாது, சீழ் வைக்கும்.
2. புகையிலை, பீடி: எலும்பு ஒன்றுசேரத் தாமதமாகும்.
3. ரத்தசோகை, சத்துக்குறைவு, அதிக உடல் எடை.
4. ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை. டாக்டரிடம் சொல்லணும், நாமாக நிறுத்தக்கூடாது.
5. வயது, எலும்புத் தேய்மானம். வயது நம் கையில் இல்லை.
6. தாமதம். நரம்பு அதிக நாள் நசுங்கினால், ஆபரேசன் செய்தாலும் முழுசாகத் திரும்பாது.

நம்ம தர்மபுரிக்கு இன்னொன்றும் உண்டு. இங்கே பல ஊர்க் கிணறு, போர் தண்ணீரில் புளோரைடு அதிகம். பல்லில் கறை மட்டுமல்ல, வருசக்கணக்கில் குடித்தால் முதுகும் கழுத்தும் விறைத்துப்போகும். தசைநார் எலும்பாக இறுகி, தண்டுவடத்தைச் சுற்றிய சவ்வோடு ஒட்டிக்கொள்ளும். அறுக்கும்போது சவ்வு கிழிந்து நீர் கசியலாம். எந்தத் தண்ணீர் குடித்து வளர்ந்தோம் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்க. காய்ச்சினால் புளோரைடு போகாது. 2013-ல் வந்த ஒகேனக்கல் குடிநீரையே குடிக்கவும் சமைக்கவும் பிடியுங்க.

முன்கழுத்தில் அறுத்தால் சில நாள் விழுங்கச் சிரமம், குரல் கம்மல் வரலாம். பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் மூச்சுத்திணறல், கழுத்து வீக்கம், கை காலில் புதிதாக பலவீனம், காய்ச்சல், சீழ், சிறுநீர் கட்டுதல் இருந்தால் காத்திருக்காதீங்க. உடனே 108-ஐக் கூப்பிடுங்க.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துப் போங்க. இந்த ஆபரேசனுக்கு அனுமதி உண்டா என்று ஆஸ்பத்திரி காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே கேளுங்க.

அக்கா இப்போ கொக்கியைத் தானே மாட்டிக்கொள்கிறார். நடை மட்டும் முழுசாத் திரும்பலை. இரண்டு வருசம் தாமதித்ததன் பலன் அது.

ஆகவே ஒரு தீர்மானம் போடுவோம். கை மரத்தாலோ நடை தள்ளாடினாலோ, குழுவில் ஒருவர் துணைக்குப் போகணும். டாக்டர் கேட்பதற்கு மறைக்காமல் பதில் சொல்லணும்.