ஏரி நீலமா, பச்சையா?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



வேதியியல் ஆய்வுக்கூடத்தில், டைட்ரேஷனில் நிறம் மாறும்வரை பொறுமையில்லாமல், பக்கத்து நண்பனின் ரீடிங்கை எழுதி மாட்டிக்கொண்டவன் நான். "நிறம் மாறினதை நீயே பாத்தியாப்பா?" என்று சார் கேட்டார். இன்றைக்கும் நிறம் பார்ப்பதுதான் என் பிழைப்பு. செயற்கைக்கோள் படங்களில் மலை ஏரிகளின் நிறம்!

ஆழமான தெளிந்த நீர் சிவப்பு ஒளியை விழுங்கி, நீலத்தைத் திருப்பி அனுப்பும். பாசி பெருகினால் பச்சை தூக்கும். பனியாறு அரைத்த பாறைமாவு கலந்தால் பால் விட்ட நீலம். லாண்ட்சாட் இதை 30 மீட்டர் கட்டங்களாகவும், 2015 முதல் சென்டினல்-2 10 மீட்டர் கட்டங்களாகவும் பதிவு செய்கின்றன. ஆள் ஏற முடியாத ஏரியும் நம் மேசைக்கு வந்துவிடுகிறது.

ஆனால் ஒரு வம்பு இருக்கிறது. மேலே போய்ச் சேரும் ஒளியில் பெரும்பகுதி காற்றுமண்டலம் சிதறடித்தது. தண்ணீரின் பங்கு சொற்பம். மலை நிழலும் கரைக்காட்டின் பச்சையும் அதில் கலந்துவிடும். ஒருமுறை சின்ன ஏரி ஒன்றில் "பாசி பெருகிவிட்டது" என்று அறிக்கை எழுதிவிட்டேன். நேரில் போய் பாட்டிலில் அள்ளினால் பளிங்குத் தண்ணீர்! நான் பார்த்தது கரையோர மரங்களைத்தான். அறிக்கையைத் திரும்பப் பெற்ற அன்று, சாரின் கேள்வி மறுபடி காதில் விழுந்தது.

அமெரிக்காவில் 1,897 மீட்டர் உயரத்தில் டாஹோ என்றொரு ஏரி. டேவிஸ் நகரிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தார் அங்கே வெள்ளைத் தட்டைக் கயிற்றில் இறக்கி, எத்தனை அடியில் மறைகிறது என்று 1968 முதல் குறித்து வருகிறார்கள். 1968இல் சராசரி 102 அடி. 2017இல் 60 அடிக்கும் சற்றுக் குறைவு. தெளிவு குறைந்தால் நீலமும் குறையும் என்றுதானே நினைப்போம்? அப்படி இல்லை என்று 2015இல் கண்டார்கள். தெளிவைக் கெடுப்பது நுண்ணிய துகள்கள். நீலத்தைக் கெடுப்பது பாசி. படகில் போய் அளக்காமல், மேலிருந்து மட்டும் பார்த்து இதைச் சொல்லியிருக்க முடியுமா?

மாணவச் செல்வங்களே, லாண்ட்சாட் படங்கள் 2008 முதல் இலவசம். தாராளமாகப் பாருங்கள். ஆனால் முடிவு எழுதுமுன் ஒரு பாட்டில் தண்ணீரையாவது நீங்களே அள்ளிப் பாருங்கள். சார் கேட்பார்!